வெட்டி ஒட்டிய வாக்குமூலம்: குற்ற ஆவணத் தொடர்கள் நம்மை நம்பவைக்கும் விதம்

அமெரிக்காவில் ராபர்ட் டர்ஸ்ட் என்று ஒரு கோடீஸ்வரர் இருந்தார். நியூயார்க்கில் வானுயரக் கட்டடங்கள் வைத்திருந்த குடும்பத்தின் மூத்த மகன். 1982இல் அவருடைய மனைவி காணாமல் போனார், 2000 டிசம்பரில் நெருங்கிய தோழி சூசன் பெர்மன் லாஸ் ஏஞ்சலிஸில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார், 2001இல் டெக்சாஸில் அவர் குடியிருந்த இடத்துப் பக்கத்து வீட்டுக்காரரின் உடல் துண்டு துண்டாகத் தண்ணீரில் மிதந்தது. அந்தக் கடைசி வழக்கில் உடலை வெட்டியது நான்தான் என்று ஒப்புக்கொண்டும், தற்காப்பில் நடந்த சாவு என்று வாதாடி 2003இல் விடுதலையாகிவிட்டார். இவரைப் பற்றி ஆண்ட்ரூ ஜரெக்கி எடுத்த 'தி ஜின்க்ஸ்' ஆறு பகுதித் தொடராக 2015இல் ஹெச்பிஓவில் வந்தது. கடைசிப் பகுதியின் கடைசி நிமிடத்தில், பேட்டி முடிந்து டர்ஸ்ட் கழிவறைக்குப் போகிறார். சட்டையில் மாட்டிய மைக்கைக் கழற்றவில்லை. தனக்குத்தானே முணுமுணுப்பது அதில் பதிவாகிறது. "என்னதான் செய்தேன் நான்? எல்லாரையும் கொன்றேன், வேறென்ன." தொடர் அங்கே முடிகிறது. அது ஒளிபரப்பாவதற்கு முந்தைய நாள்தான் டர்ஸ்ட் நியூ ஆர்லியன்ஸில் கைதாகியிருந்தார்.

பார்த்தவர்கள் உறைந்து போனார்கள். ஒரு கொலைகாரன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதைத் தங்கள் காதாலேயே கேட்டுவிட்டதாக உலகம் முழுக்க நம்பினார்கள்.

நான்கு வருடம் கழித்து, 2019இல், வழக்கு ஆவணங்கள் வழியாக அந்த ஒலிப்பதிவின் எழுத்து வடிவம் வெளியே வந்தது. அதில் அந்த இரண்டு வாக்கியங்களும் அடுத்தடுத்து இல்லை. "எல்லாரையும் கொன்றேன்" என்பது முதலில் வருகிறது. அப்புறம் சரியாகக் காதில் விழாத முணுமுணுப்பு, வேறு சில வாக்கியங்கள், இதெல்லாம் கழிந்த பிறகுதான் "என்னதான் செய்தேன் நான்?" வருகிறது. கேள்விக்குப் பதில் என்று நாம் கேட்டது, அந்தக் கேள்வி பிறப்பதற்கு முன்பே சொல்லப்பட்டது. இரண்டு வாக்கியங்களும் அவர் பேசியவைதான், குரலும் அவருடையதுதான், யாரும் எதையும் இட்டுக்கட்டவில்லை. வரிசையை மட்டும் மாற்றினார்கள்.

டர்ஸ்ட் அப்பாவி என்று நான் சொல்ல வரவில்லை. 2021இல் ஜூரி அவரைச் சூசன் பெர்மன் கொலையில் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது, 2022 ஜனவரியில் அவர் காவலில் இருந்தபடியே இறந்தார். என் கவலை வேறு. படக்குழுவிடம் உண்மையிலேயே வலுவான சான்று ஒன்று இருந்தது. பெர்மனின் உடல் கிடக்கும் இடத்தைப் போலீசுக்குச் சொன்ன பெயரில்லாத கடிதத்தின் உறையில் பெவர்லி ஹில்ஸ் என்பதில் ஓர் எழுத்துப் பிழை, அதே பிழை, அதே பெரிய எழுத்துக் கையெழுத்தில், டர்ஸ்ட் முன்பு பெர்மனுக்கு அனுப்பிய இன்னோர் உறையிலும் இருந்தது. இதைக் கண்டுபிடித்தது தொடர்தான், அது பெரிய காரியம். அந்த இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஏனென்றால் உறை வெறும் சான்று, முணுமுணுப்புதான் உச்சக்கட்டம்.

குற்ற ஆவணத் தொடர்களின் நம்பகத்தன்மை பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் "இது உண்மையா, பொய்யா" என்றுதான் விவாதிக்கிறோம். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இந்த வகைப் படங்களைப் பிடிக்க முடியாது. இவற்றில் வரும் துண்டுகள் ஏறக்குறைய எல்லாமே உண்மை. அந்த உண்மைத் துண்டுகள் நம்மிடம் சம்பாதித்துக் கொடுக்கும் நம்பிக்கையை, துண்டுகளைக் கோர்த்த விதத்தின் மேலும் நாம் அப்படியே தூக்கி வைத்துவிடுகிறோம். தப்பு நடப்பதெல்லாம் அந்தக் கோர்வையில்தான்.

முதலில் நம்பிக்கை எப்படிச் சம்பாதிக்கப்படுகிறது என்று பார்ப்போம். ஏதாவது ஒரு தொடரை நினைவில் கொண்டு வாருங்கள். கேசட் ஒன்று டேப் ரெக்கார்டரில் சுற்றுவது மிக நெருக்கத்தில் தெரியும், பின்னால் இரைச்சலோடு ஒரு குரல். பழைய வீடியோவின் மூலையில் தேதியும் நேரமும் ஓடும். பழுப்பேறிய செய்தித்தாளில் ஒரே ஒரு வரி மட்டும் வெளிச்சமாகும். ஓய்வு பெற்ற அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், கீழே அவருடைய பெயர், பதவி. பேசிக்கொண்டே இருப்பவர் சட்டென்று நிறுத்துவார், தொண்டையைச் செருமுவார், கேமரா அவர் முகத்தை விட்டு நகராது. கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: இன்னார் எங்களிடம் பேச மறுத்துவிட்டார்.

இந்த ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்கிறது. படம் சுமாராக இருந்தால் அதை யாரும் மெருகேற்றவில்லை என்று மனசு எடுத்துக்கொள்கிறது. தேதி முத்திரை இருந்தால் யாரோ சரிபார்த்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. அதிகாரியின் மௌனத்தை நேர்மை என்று படிக்கிறோம், அந்த மௌனத்துக்கு முன்னும் பின்னும் என்ன வெட்டப்பட்டது என்று யோசிப்பதே இல்லை. இதில் எனக்கு மிகவும் சங்கடம் தருவது அந்த வெள்ளை எழுத்துதான். இரண்டு பக்கமும் கேட்டுப் பார்த்தோம் என்று சொல்லிவிட்ட மாதிரியும் ஆகிறது, மறுத்தவர் எதையோ மறைக்கிறார் என்று சொல்லாமல் சொன்ன மாதிரியும் ஆகிறது. மகளைப் பறிகொடுத்த ஒரு குடும்பம் கேமரா முன்னால் உட்கார விரும்பாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். அவர்களுக்கும் அதே வெள்ளை எழுத்துதான்.

இதற்கெல்லாம் மேலே, குற்றவாளியின் சொந்தக் குரல். அதற்கு ஈடான சரக்கு இந்தத் தொழிலில் கிடையாது. அமெரிக்கத் தொடர் கொலைகாரன் டெட் பண்டியின் மரண தண்டனை நிறைவேறி 30 வருடம் ஆன அதே தேதியில், 2019 ஜனவரி 24 அன்று, நெட்ஃபிளிக்ஸ் அவனுடைய ஒலிநாடாக்களை மையமாக வைத்து ஒரு தொடர் வெளியிட்டது. நாடாக்கள் உண்மையானவை, இரண்டு பத்திரிகையாளர்கள் சிறையில் அவனிடம் எடுத்த பேட்டி. ஆனால் அதில் பண்டி கொலைகளைத் தன் செயலாகப் பேசவே இல்லை. 'அப்படிப்பட்ட ஆள் இப்படித்தான் நினைப்பான்' என்று படர்க்கையில், ஒரு நிபுணர் மாதிரி விளக்கிக்கொண்டு போகிறான். பிடிகொடுக்காமல் பேசுவதில் கைதேர்ந்த ஒருவனுடைய பேச்சு அது. அசல் நாடா என்பதால், நாம் கேட்பது அவன் மனசு என்று நினைத்துவிடுகிறோம். நாடா அசல் என்றால் அவன் அதைச் சொன்னான் என்பது மட்டும்தான் நிரூபணம், சொன்னது நிஜமா என்பது தனி விஷயம்.

நம் ஊரில் இதை வீரப்பன் விஷயத்தில் பார்க்கலாம். 2023இல் நான்கு மாத இடைவெளியில் இரண்டு தொடர்கள் வந்தன. ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் 'தி ஹன்ட் ஃபார் வீரப்பன்', டிசம்பரில் ஜீ5இல் 'கூசே முனிசாமி வீரப்பன்'. ஒரே ஆள், ஒரே காடு, ஒரே சம்பவங்கள். 1991இல் வன அதிகாரி சீனிவாஸ் கொலை, 1993 பாலாறு கண்ணிவெடி, 2000இல் ராஜ்குமார் கடத்தல், 2004 அக்டோபர் 18 ராத்திரி பாப்பாரப்பட்டி பக்கத்தில் ஆம்புலன்ஸ் வண்டியில் வந்தபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நம்பகத்தன்மை எங்கிருந்து வருகிறது என்பது பளிச்சென்று தெரியும்.

நெட்ஃபிளிக்ஸ் தொடர் நம்பிக்கையைச் சாட்சிகளின் எண்ணிக்கையில் கட்டுகிறது. மனைவி முத்துலட்சுமி, அதிரடிப்படை அதிகாரிகள், ஊர்க்காரர்கள், பத்திரிகையாளர்கள் என்று ஆளாளுக்குத் தத்தம் மொழியிலேயே பேசுகிறார்கள். எதிரெதிர்ப் பக்கத்து ஆட்கள் ஒரே திரையில் வருவதால், நடுவில் நிற்கும் இயக்குநர் நியாயமானவர் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். முத்துலட்சுமி பேசும்போது அவர் ஒரு மனைவி, கணவன் மேல் இன்றைக்கும் பாசம் இருக்கிறது, அதை மறைக்கவும் இல்லை. அந்த வெளிப்படையே நம்மை ஈர்க்கிறது, அப்படி ஈர்க்கப்பட்டுவிட்ட பிறகு அவர் நேரில் பார்த்துச் சொல்வது எது, கணவர் சொல்லிக் கேட்டது எது என்று பிரித்துப் பார்க்கும் எண்ணம் வருவதில்லை. இன்னொரு பக்கம், சீருடையில் முப்பது வருடம் இருந்தவர் நிதானமாகச் சொல்லும் எதுவும் அறிக்கை மாதிரிக் கேட்கிறது.

ஜீ5 தொடரின் பலம் வேறு. அதில் வீரப்பனே பேசுகிறார். 1990களில் நக்கீரன் காட்டுக்குள் போய் எடுத்த வீடியோ அது, நம் வீடுகளில் பலர் அந்தக் காலத்திலேயே கொஞ்சம் பார்த்தது. மீசையும் பச்சைச் சட்டையுமாக உட்கார்ந்து, தன்னை ஏமாற்றியவர்கள், தான் சுட்டவர்கள், அரசியல்வாதிகள், எல்லாரையும் பற்றித் தன் பக்கத்து நியாயத்தோடு சரளமாகச் சொல்கிற மனிதரிடமிருந்து கண்ணை எடுக்க முடியாது. இந்தக் காட்சிகள் விலைமதிக்க முடியாத ஆவணம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பேட்டி எந்தச் சூழலில் நடந்தது? தேடப்படும் ஆள், சுற்றிலும் துப்பாக்கி, தன் பேச்சு நாட்டுக்கே போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியும், அரசோடு பேரம் பேசுவதற்கு அந்தப் பேட்டியே ஒரு வழி. பேட்டி எடுத்த பத்திரிகையின் ஆசிரியர் கோபால் பின்னால் அரசின் தூதராகக் காட்டுக்குப் போனவர், 2003இல் பொடா சட்டத்தில் கைதானவர், அதே தொடரில் முக்கியமான சாட்சியும் அவரே. இதனால் அவர் சொல்வது பொய் ஆகிவிடாது. ஆனால் அவர் வெளியே நின்று பார்த்தவர் இல்லை, அந்தக் கதைக்குள் இருந்தவர்.

இரண்டு தொடர்களும் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லியாக வேண்டும். வீரப்பனைத் தேடுகிறோம் என்ற பெயரில் மலைக் கிராமத்து மக்களைப் பிடித்துக்கொண்டு போய் அடித்ததும், மின்சாரம் வைத்ததும், பெண்களுக்கு நடந்ததும், பாதிக்கப்பட்டவர்களின் வாயாலேயே பெரிய மேடைக்கு வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு முன்பு இவர்கள் சொன்னபோது எத்தனை பேர் கவனித்தோம்? திரையில் ஒரு பாட்டி சொல்லும்போது கவனிக்கிறோம். ஆவணப்படத்தின் சக்தி அது, அதனால்தான் கோர்வையில் காட்டும் அலட்சியம் எனக்குக் கோபம் தருகிறது. இப்படிப்பட்ட சாட்சியம் ஒன்று வெட்டி ஒட்டியது என்று நாளைக்கு வெளிப்பட்டால், அடிபட்டவர்கள் சொன்ன மீதியையும் சேர்த்துத் தூக்கி எறிய ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

கோர்வை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இன்னும் நெருக்கமாக ஓர் உதாரணம். 2015 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'மேக்கிங் எ மர்டரர்'. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஸ்டீவன் அவேரி செய்யாத குற்றத்துக்கு 18 வருடம் சிறையில் இருந்து, டிஎன்ஏ சோதனையால் 2003இல் வெளியே வருகிறார். 2005இல் தெரேசா ஹால்பக் என்ற இளம் பெண் கொல்லப்பட, அந்த வழக்கில் மறுபடி கைதாகிறார். அந்தப் பெண்ணின் காரில் அவேரியின் ரத்தக் கறை. போலீஸ்தான் அதை வைத்தது என்பது அவேரியின் வழக்கறிஞர்களின் வாதம்.

ரத்தம் எங்கிருந்து வந்திருக்கும்? நீதிமன்ற அலுவலகத்தில் பழைய வழக்கின் பெட்டி ஒன்று இருக்கிறது. பெட்டியின் மேல் ஒட்டிய நாடா கிழிந்திருக்கிறது. உள்ளே தெர்மோகோல் உறைக்குள் ஊதா மூடி போட்ட கண்ணாடிக் குப்பி, அதில் அவேரியின் ரத்தம். கேமரா குப்பிக்குப் பக்கத்தில் போகிறது. ரப்பர் மூடியின் நடுவில் ஊசி நுழைந்த ஒரு சின்ன ஓட்டை. வழக்கறிஞர் பரபரப்போடு தொலைபேசியில் பேசுகிறார், இசை ஏறுகிறது. பார்ப்பவர் மனசில் வழக்கு அந்த நிமிடமே முடிந்துவிடுகிறது.

ரத்தப் பரிசோதனைக்கு லேபுக்குப் போனவர்கள் யோசித்துப் பாருங்கள். கையில் ஊசி குத்தியிருக்கும்போதே, அதன் மறுமுனையை அந்தக் குப்பியின் ரப்பர் மூடியில் குத்துவார்கள், உள்ளே இருக்கும் வெற்றிடம் ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். ரத்தம் உள்ளே போவதே அந்த ஓட்டை வழியாகத்தான். ஓட்டை இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். குப்பியில் இருக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ரசாயனம் காரில் இருந்த கறையிலும் உண்டா என்று எஃப்பிஐ சோதித்ததையும், அதன் மேல் நடந்த சண்டையையும் தொடர் காட்டுகிறது. ஓட்டை பற்றிய இந்தச் சாதாரண விளக்கத்துக்கு மட்டும் இடமில்லை. பின்னால் அவேரிக்காக வந்த புதிய வழக்கறிஞரே குப்பியை விட்டுவிட்டு, ரத்தம் அவேரி வீட்டு வாஷ்பேசினிலிருந்து எடுக்கப்பட்டது என்ற வேறு வாதத்துக்குப் போய்விட்டார். ஆனால் இன்றைக்கும் அந்தத் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது அந்த ஓட்டைதான்.

அதே தொடரில் ஒரு போலீஸ் அதிகாரி சாட்சி சொல்லும் இடம் இன்னும் மோசம். ஹால்பக் காரின் எண்ணை அவர் போனில் சரிபார்த்த பதிவைப் போட்டுக் காட்டி அவேரியின் வழக்கறிஞர் ஒரு கேள்வி கேட்கிறார், நீங்கள் அந்தக் காரை நேரில் பார்த்துக்கொண்டே எண்ணைச் சொன்னீர்கள் என்று கேட்பவர்கள் நினைப்பார்கள் இல்லையா என்கிற மாதிரி. அவர் "ஆமாம்" என்கிறார். விசாரணையில் அந்தக் கேள்விக்கு ஆட்சேபம் எழுந்து நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார், அதிகாரியின் "ஆமாம்" வந்தது அடுத்துக் கேட்ட வேறொரு கேள்விக்கு. அவர் நெட்ஃபிளிக்ஸ் மேல் அவதூறு வழக்குப் போட்டார், 2023இல் அது தள்ளுபடியானது. சட்டப்படி அவதூறு என்று நிரூபிக்க அமெரிக்காவில் தாண்ட வேண்டிய தடை மிக உயரம். அதைத் தாண்டவில்லை என்பதாலேயே அந்த வெட்டு நேர்மையானது என்று ஆகிவிடாது.

யார் கதவைத் திறக்கிறார்களோ அவர்கள் வீட்டுக்குள்தான் கேமரா போகும் என்பதும் இதில் சேர்த்தி. படக்குழுவினர் பத்து வருடம் அவேரி குடும்பத்தோடு இருந்தார்கள், அவருடைய அப்பா தோட்டத்தில் காய்கறி காட்டுவது வரை நமக்குத் தெரியும். ஹால்பக் குடும்பம் கதவைத் திறக்கவில்லை, அதனால் கொலையான பெண் பத்து மணி நேரத் தொடரில் ஏறக்குறைய ஒரு புகைப்படமாக மட்டும் நிற்கிறார்.

சித்தரிப்புக் காட்சிதான் நம்பகத்தன்மையைக் கெடுக்கிறது என்று பலர் சொல்வதுண்டு. நம் சேனல்களில் ராத்திரி பத்து மணிக்கு மூலையில் 'சித்தரிப்பு' என்று போட்டுவிட்டு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் இந்த வகையிலேயே மிக நேர்மையான படம் என்று நான் நினைப்பது பேட்டிகளோடு சித்தரிப்பையும் நம்பித்தான் நிற்கிறது. எரால் மோரிஸ் 1988இல் எடுத்த 'தி தின் ப்ளூ லைன்'. 1976இல் டல்லாஸில் ஒரு போலீஸ்காரர் சுடப்பட்ட வழக்கில் ராண்டல் ஆடம்ஸ் என்பவருக்கு மரண தண்டனை, நிறைவேற மூன்று நாள் இருக்கும்போது உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது, பிறகு ஆயுள் தண்டனையானது. மோரிஸ் ஒரு காலத்தில் துப்பறியும் வேலை பார்த்தவர். அந்தச் சாலையோரச் சம்பவத்தை அவர் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுகிறார், ஒவ்வொரு தடவையும் வேறொரு சாட்சி சொன்னபடி. கூட இருந்த பெண் போலீஸ் கையிலிருந்த மில்க்‌ஷேக் காற்றில் பறந்து விழுவதை மெதுவாகக் காட்டுகிறார், ஏனென்றால் அது எங்கே விழுந்தது என்பதில்தான் அவர் காரைவிட்டு எப்போது இறங்கினார் என்ற கேள்வி இருக்கிறது. எந்தத் தடவையும் "இதுதான் நடந்தது" என்று படம் சொல்வதில்லை, இவர் சொல்வது இப்படி என்று மட்டும் சொல்கிறது. பேசுபவர்களின் பெயர், பதவி கூடக் கீழே போடுவதில்லை, அதனால் யாரை நம்புவது என்ற வேலை நம் தலையில் விழுகிறது. படம் வந்த மறுவருடம் ஆடம்ஸ் விடுதலையானார். ஆவணப்பட ஆஸ்கருக்கு அதைப் பரிந்துரைக்கக்கூட இல்லை.

சித்தரிப்பு என்று தெரிந்தால் நாம் உஷாராக இருக்கிறோம், அசல் காட்சி என்றால் உஷாரை இறக்கி வைத்துவிடுகிறோம். இன்றைக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த கோடே கரைகிறது. 2024 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் கனடா நாட்டு ஜெனிஃபர் பான் வழக்கு பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. அதில் அவர் சிரித்துக்கொண்டிருக்கும் சில புகைப்படங்களில் விரல்களும் பல்லும் கோணலாக இருப்பதைப் பார்த்தவர்கள் கண்டுபிடித்து, செயற்கை நுண்ணறிவின் வேலை என்று சந்தேகம் கிளப்பினார்கள். படம் கொடுத்தவரின் அடையாளத்தை மறைக்கப் பின்னணியை மாற்றினோம், ஆள் அசல்தான் என்று தயாரிப்புத் தரப்பு விளக்கம் சொன்னது. சரி, அப்படியே இருக்கட்டும். மாற்றியிருக்கிறோம் என்று அந்த இடத்தில் ஒரு வரி போடுவதற்கு என்ன தடை? அதே வருடம் செப்டம்பரில் அமெரிக்காவின் ஆவணக் காப்புத் தயாரிப்பாளர்கள் கூட்டமைப்பு, செயற்கைக் காட்சியைப் பயன்படுத்தினால் பார்வையாளருக்குத் தெரியப்படுத்துங்கள் என்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. கட்டாயம் எதுவும் இல்லை, விருப்பம்தான்.

இந்தியாவில் இந்த விவாதம் வேறு பக்கம் திரும்பி நிற்கிறது. 2024 பிப்ரவரியில், மகளைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட இந்திராணி முகர்ஜி பற்றிய தொடர் வர இருந்தபோது, அந்த வழக்கு இன்னும் விசாரணையில் இருக்கிறது என்று சிபிஐ தடை கேட்டது. மும்பை உயர் நீதிமன்ற நீதிபதிகள் படத்தைத் தாங்களே போட்டுப் பார்த்து, வழக்கைப் பாதிக்கும் எதுவும் இல்லை என்றார்கள், தொடர் வெளியானது. தடை வேண்டுமா வேண்டாமா என்று மட்டும்தான் நம் நீதிமன்றங்களிடம் கேட்கிறோம். எனக்குத் தடையில் நம்பிக்கை இல்லை. வேண்டியது எடுத்ததன் முழு வடிவம். ஜின்க்ஸில் வாக்கியங்களின் வரிசை மாறியது தெரியவர நான்கு வருடமும் ஒரு கொலை வழக்கும் தேவைப்பட்டன. ஒவ்வொரு பேட்டியின் முழு எழுத்து வடிவத்தையும் தொடரோடு சேர்த்தே இணையத்தில் போட்டுவிடலாம், அதற்கு ஆகும் செலவு ஒரு ட்ரோன் காட்சிக்கு ஆவதில் பாதிகூட இருக்காது. வீரப்பன் பேட்டியின் நாடாக்கள் முழுவதையும் சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் போன்ற ஓரிடத்தில் வெட்டாமல் பார்க்கக் கொடுத்தால், அவர் எந்தக் கேள்விக்கு எந்தப் பதிலைச் சொன்னார் என்பதை யாரும் உட்கார்ந்து சரிபார்க்கலாம்.